ஓஹோ என்றால் எச்சரிக்கை: ஸ்பானிய மக்கள் வழக்கில் 'பார்த்துப் போ' சொற்கள்

தமிழர் காதில் 'ஓஹோ' என்று விழுந்தால் யாரோ எதையோ மெச்சுகிறார் என்றுதான் தோன்றும். ஸ்பானிய மொழி பேசும் ஒருவர் அதே ஒலியை எழுப்பினால், காலடியில் குழி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அம்மொழியில் 'ஓஹோ' என்றால் கண். உறுப்பின் பெயரே 'கண்ணைத் திறந்து பார்' என்ற ஏவலாக ஆகிவிட்டது. புதிதாகச் சாயம் பூசிய பெஞ்சில் 'ஓஹோ, மான்ச்சா' என்று அட்டை மாட்டி வைப்பார்கள். கவனம், கறை படியும் என்று பொருள். வாய் திறக்க முடியாத இடத்தில் சுட்டுவிரலால் கீழிமையைச் சற்று இழுத்துக் காட்டினால் போதும், எதிரில் இருப்பவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

ஸ்பானிய மொழி 20 நாடுகளில் ஆட்சிமொழி. அதைத் தாய்மொழியாகப் பேசுவோர் ஏறக்குறைய 50 கோடிப் பேர். எச்சரிக்கைக்கும் ஆபத்துக்கும் இவர்களிடம் புழங்கும் கொச்சைச் சொற்களும் மரபுத்தொடர்களும் ஏராளம். அகராதியில் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு 'கவனம்' என்ற ஒரே பொருள்தான் எழுதியிருக்கும். ஆனால், அவற்றைக் கூர்ந்து கேட்டால் ஒரு வேறுபாடு தெரியும். கவனமாக இருக்க வேண்டியவர் யார்? ஆபத்தை உண்டாக்குபவரா, அதில் மாட்டிக்கொள்ளக்கூடியவரா? இதற்கு ஒவ்வொரு வழக்கும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. கொலம்பியாவில் இது இன்று பெரிய வாக்குவாதமாகவே ஆகியிருக்கிறது.

தண்ணீர் போகிறது!

மெக்சிகோவில் எச்சரிக்கை என்றாலே முதலில் வாயில் வருவது 'ஆகுவாஸ்!'. நேர்ப்பொருள் 'தண்ணீர்கள்'. சாலையைக் கடப்பவர் மீது மோட்டார் சைக்கிள் மோத வந்தால் பின்னால் நிற்பவர் 'ஆகுவாஸ்!' என்று கத்துவார். இடுக்கான இடத்தில் காரைப் பின்னோக்கி எடுக்கும்போது, 'எனக்குக் கொஞ்சம் ஆகுவாஸ் போடு' என்று நண்பரிடம் கேட்பார்கள். கீழே இறங்கி நின்று 'வா, வா, போதும்' என்று வழிகாட்டச் சொல்கிறார்கள் என்று பொருள்.

தண்ணீருக்கும் எச்சரிக்கைக்கும் என்ன தொடர்பு? மெக்சிகோவில் பலரும் சொல்லும் விளக்கம் பழைய ஸ்பெயின் நகரங்களுக்கு இட்டுச் செல்கிறது. கழிவுநீர்க் குழாய்கள் இல்லாத காலத்தில் இரவுக் கழிவையும் சமையலறை அழுக்கு நீரையும் மாடி சன்னலிலிருந்து தெருவில் கொட்டுவது அங்கு வழக்கம். கொட்டுவதற்கு முன் 'ஆகுவா வா!' என்று குரல் கொடுக்க வேண்டும். 'தண்ணீர் போகிறது' என்று அர்த்தம். கீழே நடப்பவர் ஓடித் தப்பிக்கொள்ளலாம், கால் வேகமாக இருந்தால்.

மாட்ரிட் நகரின் நாற்றம் அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுவதும் பேர்போனது. நேப்பிள்ஸ் நகரை ஆண்டுவிட்டு 1759இல் ஸ்பெயின் அரியணைக்கு வந்த மூன்றாம் கார்லோஸ் மன்னர் அதைச் சகித்துக்கொள்ளவில்லை. இத்தாலியக் கட்டடக் கலைஞர் பிரான்செஸ்கோ சபத்தினியின் திட்டப்படி, தெருக்களுக்குக் கல் பாவவும் கழிவுநீரைக் குழாய் வழியாக இறக்கவும் 1761இல் விதிமுறை வெளியானது. சன்னலிலிருந்து கொட்டும் பழக்கம் மெல்ல மறைந்தது. சொல் மட்டும் தங்கிவிட்டது. இன்றும் ஒருவரை முன்னறிவிப்பே இல்லாமல் வேலையிலிருந்து நீக்கினால், 'சின் தெசிர் ஆகுவா வா' நீக்கிவிட்டார்கள் என்பார்கள். 'தண்ணீர் போகிறது என்றுகூடச் சொல்லாமல்' என்பது நேர்ப்பொருள்.

இந்த வசையில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. அழுக்கைக் கொட்டுவதுகூட அவ்வளவு பெரிய குற்றமில்லை, சொல்லாமல் கொட்டுவதுதான் குற்றம். எச்சரிக்கும் கடமை மேலே நிற்பவருக்கு. மெக்சிகோ நகரின் பெரிய சந்தைகளில் கைவண்டியில் மூட்டைகளை அடுக்கித் தள்ளிவரும் சுமைத் தொழிலாளர்கள் இந்த முறையை இன்றும் விடவில்லை. அவர்கள் எழுப்பும் குரல் 'ஆயீ வா எல் கோல்பே!'. 'இதோ இடி வருகிறது' என்று மொழிபெயர்க்கலாம். குரல் கேட்டும் விலகாதவர் முழங்காலைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தெற்கு ஸ்பெயினின் சில குடியிருப்புகளில் இதே தண்ணீர் வேறு தரப்பினரின் வாயில் புகுந்திருக்கிறது. போதைப்பொருள் விற்கும் இடங்களில் போலீஸ் வண்டி தென்பட்டால் காவலுக்கு நிற்கும் பையன் 'ஆகுவா!' என்று கூவுவான். இப்படிக் காவல் நிற்பவனுக்கு அர்ஜென்டினா தலைநகர் புவெனஸ் அயர்ஸில் 'கம்பானா', அதாவது மணி, என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியக் குடியேறிகள் நிறைந்திருந்த அந்தத் துறைமுக நகரில் பிறந்த 'லுன்பார்தோ' என்ற தெருமொழியைச் சேர்ந்த சொல் அது. மெக்சிகோவில் கடத்தல் கும்பல்களுக்காக ஊர் எல்லையில் கண்காணிப்பவனை 'ஆல்கோன்' என்கிறார்கள். வல்லூறு என்று பொருள். கம்பானாவில் ஒரு கேலி இருந்தது. ஆல்கோனில் அச்சம் மட்டுமே இருக்கிறது.

கரையில் யார்?

'ஐ மோரோஸ் என் லா கோஸ்தா' என்பது இன்னொரு பழைய தொடர். 'கரையில் மோரோக்கள் இருக்கிறார்கள்' என்பது நேர்ப்பொருள். இரகசியம் பேசும்போது வேண்டாத ஆள் பக்கத்தில் இருந்தால் இதைக் கிசுகிசுப்பார்கள். ஆசிரியர் வகுப்பில் இல்லை என்று பார்த்துச் சொல்லும் சிறுவனும் 'கரையில் மோரோக்கள் இல்லை' என்றுதான் சொல்வான்.

மோரோ என்பது வட ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்கு ஸ்பானியர் வைத்த பெயர். 16ஆம் நூற்றாண்டில் அல்ஜியர்ஸ் போன்ற துறைமுகங்களிலிருந்து வந்த கப்பல் கொள்ளையர், ஸ்பெயினின் மத்தியதரைக் கடலோர ஊர்களைத் தாக்கி மக்களை அடிமைகளாகப் பிடித்துச் சென்றனர். கரை நெடுகக் காவல் கோபுரங்கள் எழுந்தன. இரவில் நெருப்பாலும் பகலில் புகையாலும் ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்துக்குச் செய்தி அனுப்பியது. 'தோன் கிஹோத்தே' நாவலை எழுதிய மிகெல் தே செர்வாந்தேஸ் 1575இல் கடலில் பிடிபட்டு, 1580 வரை அல்ஜியர்ஸில் கைதியாக இருந்தவர். அந்தக் காலத்து ஸ்பானியக் கடலோடிக்கு இந்தத் தொடர் உவமையாகத் தோன்றியிருக்காது, நேரடிச் செய்தியாகவே இருந்திருக்கும்.

அதே அச்சத்தை ஸ்பானியர் நம் வட்டாரத்துக்கும் கப்பலேற்றிக் கொண்டுவந்தனர். பிலிப்பீன்ஸ் தீவுகளின் தெற்கில் முஸ்லிம்களைக் கண்டதும் அவர்களுக்கும் மோரோ என்றே பெயரிட்டனர். சபாவிலிருந்து சூலு கடலுக்கு அப்பால் உள்ள சம்போவாங்காவில் 1635இல் அவர்கள் கட்டத் தொடங்கிய பிலார் கோட்டை இன்றும் நிற்கிறது. ஸ்பானியமும் உள்ளூர் மொழிகளும் கலந்த சவக்கானோ என்ற மொழி அந்நகரில் இப்போதும் பேசப்படுகிறது. அயலார் வைத்த பெயரைத் தென் பிலிப்பீன்ஸ் முஸ்லிம்கள் பின்னாளில் தங்கள் அடையாளமாகவே எடுத்துக்கொண்டனர். 2019இல் அமைந்த அவர்களது தன்னாட்சி வட்டாரத்தின் பெயரிலேயே 'பங்சாமோரோ' இருக்கிறது.

ஸ்பெயினில் கதை நேர்மாறு. அங்கு குடியேறிய மொரோக்கோ நாட்டவரை 'மோரோ' என்று அழைப்பது இன்று இழிசொல்லாகவே கருதப்படுகிறது. அதனால் இந்தத் தொடரைத் தவிர்ப்போரும் உண்டு. பழைய மரபுத்தொடர்தானே, யாரையும் குறிக்கவில்லையே என்று வாதிடுவோரும் உண்டு. வகுப்பில் மொரோக்கோப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும்போது அந்த வாதம் அவ்வளவாக எடுபடாது.

ஈயும் மீனும்

சிறு உயிர்களைக் கொண்டு பிறந்த சொற்கள் பல. 'போர் சி லாஸ் மோஸ்காஸ்' என்றால் 'ஒருவேளை ஈக்கள் வந்தால்'. வெயில் அடிக்கும்போதே குடையைக் கையில் எடுப்பவர், ஏன் என்று கேட்டால் இப்படித்தான் பதில் சொல்வார். எதற்கும் இருக்கட்டும் என்று நாம் சொல்வதற்கு நிகரானது. ஒருவர் பேச்சில் ஐயம் வந்தால் 'காதுக்குப் பின்னால் ஈ உட்கார்ந்திருக்கிறது' என்பார்கள். பெருவிலும் வெனிசுவேலாவிலும் ஈ ஐயத்தைக் குறிப்பதில்லை, விழிப்பைக் குறிக்கிறது. 'போன்தே மோஸ்கா', அதாவது 'ஈயாக இரு' என்றால் சுறுசுறுப்பாகக் கண் வைத்திரு என்று அர்த்தம். ஈயை அடிக்க முயன்று தோற்றவர்களுக்கு இந்த உவமையின் பொருத்தம் விளங்கும்.

மெக்சிகோவில் ஈக்குப் பதில் 'துருச்சா'. கையிலிருந்து வழுக்கிப் போகும் ஆற்று மீன் அது. பல நாடுகளில் 'பேட்டரியைப் போட்டுக்கொள்' என்று அறிவுறுத்துகிறார்கள். தூங்கும் இறாலை ஆற்றோட்டம் அடித்துப்போகும் என்பது இலத்தீன் அமெரிக்கா முழுவதும் பாட்டிகள் சொல்லும் பழமொழி. சூடுபட்ட பூனை குளிர்ந்த நீரைக் கண்டாலும் ஓடும் என்றும் ஒரு வழக்கு உண்டு. நம் சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது. ஸ்பானியப் பூனை அதைவிட ஒருபடி மேல், ஆபத்தில்லாததற்கும் அஞ்சுகிறது.

முன்னெச்சரிக்கைக்கு அழகான இன்னொரு தொடர், தாடியைப் பற்றியது. பக்கத்து வீட்டுக்காரனின் தாடி மழிக்கப்படுவதைக் கண்டால் உன் தாடியை ஊறவைத்துக்கொள் என்பார்கள். நனைந்த தாடியில் கத்தி வலிக்காது. ஓர் அரசாங்கம் கவிழ்ந்தாலோ ஒரு வங்கி திவாலானாலோ அடுத்த நாட்டுப் பத்திரிகைகளில் 'தாடியை ஊறவைக்கும் நேரம்' என்ற தலைப்பை எதிர்பார்க்கலாம். தப்பிக்க வழியே இல்லையா? மழிக்கப்படத்தான் போகிறோம், வலியையாவது குறைத்துக்கொள்வோம் என்ற அளவில்தான் இந்தப் பழமொழியின் நம்பிக்கை.

காளையும் வேலியும்

ஆபத்தைப் பற்றிய ஸ்பானியச் சொற்களில் காளைப்போர்க் களத்திலிருந்து வந்தவை தனிக் கூட்டம். தான் இறங்காமல் ஓரமாக நின்று கருத்துச் சொல்பவர் 'வேலிக்கு இப்பாலிருந்து காளையைப் பார்க்கிறார்'. எல்லாம் முடிந்த பிறகு 'அப்போதே நினைத்தேன்' என்பவர் 'காளை கடந்த பின்' பேசுகிறார். வேலையைத் தள்ளிப்போட்டுக் கடைசி நாளில் தவிக்கும் மாணவரிடம், 'காளை உன்னைப் பிடிக்கப்போகிறது' என்று எச்சரிப்பார்கள்.

இவற்றுள் தனித்து நிற்பது 'எச்சார் உன் கப்போத்தே', அதாவது 'மேலாடையை வீசுதல்'. களத்தில் வீரர் ஒருவர் கீழே விழுந்தால் மற்றவர்கள் ஓடிவந்து தங்கள் வண்ணத்துணியை வீசி ஆட்டிக் காளையைத் தம் பக்கம் இழுப்பார்கள். சிக்கலில் மாட்டிய நண்பருக்குக் கைகொடுப்பதை அன்றாடப் பேச்சில் இப்படித்தான் குறிக்கிறார்கள். விழுந்தவரை யாரும் 'ஏன் கவனமாக இல்லை' என்று கேட்பதில்லை. காளை அருகில் இருக்கும்போது அதற்கு நேரமும் இல்லை.

காளைப்போருக்கு எதிர்ப்பு வலுத்து வருகிறது. கொலம்பிய நாடாளுமன்றம் 2024இல் அதைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. தடை 2027 முதல் முழுமையாக நடப்புக்கு வரும் என்று சட்டம் கூறுகிறது. களங்கள் மூடினாலும் சொற்கள் போய்விடாது. சன்னலில் தண்ணீர் கொட்டுவது நின்று இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் 'ஆகுவா வா' போகவில்லையே.

துணிந்து இறங்குதல்

எச்சரிக்கைக்கு இவ்வளவு சொல் வைத்திருக்கும் மொழி துணிச்சலை இகழ்வதில்லை. துணியாதவன் கடலைக் கடப்பதில்லை என்பது பழமொழி. விளைவைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு முடிவெடுப்பவர் 'போர்வையைத் தலையில் சுற்றிக்கொள்கிறார்'. உறுதி தெரியாமல் இறங்குபவர் 'நீச்சல் குளத்தில் குதிக்கிறார்'. குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தாரா என்பதுதான் அடுத்த கேள்வி. உயிரைப் பணயம் வைப்பவர் 'தோலை வைத்துச் சூதாடுகிறார்'. சூது என்ற எண்ணம் இங்கு தற்செயலானது அல்ல. எதிர்பாராத நிகழ்வைக் குறிக்கும் 'அசார்' என்ற ஸ்பானியச் சொல், பகடையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

இரண்டு பக்கமும் நிற்கப் பார்ப்பவரையும் மொழி விட்டுவைக்கவில்லை. 'நதார் இ குவார்தார் லா ரோப்பா' என்றால் நீந்திக்கொண்டே கரையில் உள்ள துணியையும் காவல் காப்பது. எந்தக் கட்சியையும் பகைத்துக்கொள்ளாமல் பேசும் அரசியல்வாதிக்கு அளவெடுத்துத் தைத்த தொடர். ஓடிப்போவதையும் மெக்சிகோ மன்னிக்கிறது. 'இங்கே ஓடினான் என்று சொல்லட்டும், இங்கே செத்தான் என்று சொல்வதற்கு அது மேல்' என்பது அங்குள்ள வழக்கு.

பப்பாளியைக் கொடுக்காதே

இனி கொலம்பியா. அந்நாட்டுக்குச் செல்லும் எவரும் முதல் சில நாள்களிலேயே கேட்டுவிடும் தொடர் 'நோ தார் பப்பாயா'. பப்பாளியைக் கொடுக்காதே. கைப்பேசியைப் பேருந்து சன்னலோரம் பிடித்துக்கொண்டு பேசினால் அது பப்பாளி கொடுப்பது. பணப்பையைப் பின்பாக்கெட்டில் வைப்பதும், இரவில் தனியே வெறிச்சோடிய தெருவில் நடப்பதும் அப்படித்தான். கிண்டலுக்கு இடம் தரும்படி வாய்தவறிப் பேசிவிட்டால்கூட நண்பர்கள், 'பப்பாளியைக் கொடுத்துவிட்டாயே' என்று சிரிப்பார்கள். பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த பதினோராவது கட்டளை இதுதான் என்று கொலம்பியர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். பன்னிரண்டாவதும் ஒன்று உண்டு: 'ஆ பப்பாயா புவெஸ்தா, பப்பாயா பார்த்திதா'. வைத்த பப்பாளி வெட்டிய பப்பாளி. அதாவது, எட்டும் இடத்தில் வைத்தால் யாராவது வெட்டத்தான் செய்வார்கள்.

ஏன் பப்பாளி? கனிந்தால் மென்மையானது, கத்தி வைத்தவுடன் பிளந்துவிடும். சிலி நாட்டில் மிக எளிதான வேலையையே 'பப்பாயா' என்பார்கள். பழத்தின் தாயகம் தெற்கு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதைப் பிலிப்பீன்ஸுக்குக் கொண்டுவந்தனர். அங்கிருந்து மலாக்காவுக்கும் இந்தியாவுக்கும் பரவியது. நம் 'பப்பாளி'யும் கொலம்பியரின் 'பப்பாயா'வும் ஒரே கரீபியப் பழங்குடிச் சொல்லின் வழிவந்தவை.

இந்தக் கட்டளை கடுமையானதாக ஒலிப்பதற்குக் காரணம் உண்டு. மெதெயின் நகரில் 1991இல் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 380 பேர் கொல்லப்பட்டனர். உலகிலேயே மிக ஆபத்தான நகரம் என்று அது பெயரெடுத்த காலம் அது. போதைக் கும்பல்கள், கெரில்லாப் படைகள், துணை இராணுவக் குழுக்கள் என்று பல ஆண்டுகள் கழிந்தன. பார்க் கெரில்லா அமைப்புடன் சமாதான உடன்பாடு 2016இல்தான் கையெழுத்தானது. காவல் நிலையம் காப்பாற்றாது என்று கற்றுக்கொண்ட மக்கள் பிள்ளைகளை வெளியே அனுப்பும்போது வேறு என்ன சொல்லி அனுப்புவார்கள்? பப்பாளியைக் கொடுக்காதே என்ற சொல்லில் ஒரு தாயின் பதைப்பு இருக்கிறது. அதை மறுக்க முடியாது.

சிக்கல், பறிகொடுத்த பிறகு தொடங்குகிறது. கைப்பேசியை இழந்து அழுதுகொண்டு வருபவரிடம், 'பப்பாளியைக் கொடுத்தது நீதானே' என்கிறார்கள். திருடனைப் பற்றி அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட இல்லை. வெட்டியவன் இயற்கையின் ஓர் அங்கம்போல, மழை பெய்வதுபோல, பின்னணியில் மறைந்துவிடுகிறான். இதற்கு உடன்பிறப்பாக இன்னொரு கொலம்பிய வழக்கும் உண்டு: 'எல் வீவோ வீவே தெல் போபோ'. கெட்டிக்காரன் ஏமாளியால் பிழைக்கிறான். வெட்டுபவனுக்கு மொழி கொடுக்கும் பட்டம் கெட்டிக்காரன்!

கொலம்பியாவிலேயே பலர் இதை எதிர்க்கிறார்கள். பாலியல் தாக்குதலுக்கு ஆளான பெண்ணிடம் 'ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாய், ஏன் அந்த உடை' என்று கேட்பதும் பப்பாளிக் கட்டளையின் நீட்சிதான் என்பது அவர்கள் வாதம். 2019 நவம்பரில் சிலியின் வல்பராய்சோ நகரத் தெருவில் பெண்கள் கண்களைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு நடத்திய ஒரு நிகழ்வு, இதே கேள்வியை முன்வைத்தது. இருந்த இடமும் உடுத்திய உடையும் குற்றமல்ல, குற்றம் செய்தவனையே சுட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். சில நாள்களில் அது பொகோத்தா, மெக்சிகோ நகரம், மாட்ரிட் என்று பரவியது.

தலைநகர் பொகோத்தாவில் அதற்கு முன்பே வேறொரு முயற்சி நடந்தது. தத்துவமும் கணிதமும் படித்த அன்தானாஸ் மோக்குஸ் 1995இல் மேயரானார். சாலை விதிகளை மீறுவோரைத் திருத்த, அபராதச் சீட்டுக்குப் பதிலாக மௌன நாடகக் கலைஞர்களைச் சந்திப்புகளில் நிறுத்தினார். பாதசாரிக் கோட்டின் மேல் காரை நிறுத்தியவரைச் சுற்றி நின்று அவர்கள் நடித்துக் காட்டக் காட்ட, தெருவே சிரித்தது. 'பார்த்துக் கடந்து போ' என்று பாதசாரிக்கு உபதேசம் செய்வதை விட்டுவிட்டு, ஓட்டுநரைக் கூச வைத்தது அந்த முறை. மாடியில் நிற்பவரிடம் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தது என்றும் சொல்லலாம்.

தொடர் மட்டும் அசையவில்லை. பயணக் கையேடுகளிலும் போலீஸ் அறிவுரைகளிலும் டி-சட்டைகளிலும் பப்பாளி இருக்கிறது. சுற்றுப்பயணிக்கு அதைச் சொல்லித் தரும் விடுதிக்காரர் அக்கறையோடுதான் சொல்கிறார், கேட்டுக்கொள்வதில் நட்டமில்லை. எவரிடம், எப்போது சொல்கிறோம் என்பதில்தான் அக்கறை ஏளனமாக மாறுகிறது.

ஸ்பானியம் கற்கத் தொடங்கியிருப்போருக்குச் சில குறிப்புகள். 'ஓஹோ' எந்த நாட்டிலும் பயமின்றிப் பயன்படுத்தக்கூடியது. 'ஆகுவாஸ்' என்று மெக்சிகோவுக்கு வெளியே கத்தினால் தண்ணீர்ப் போத்தல் கேட்பதாக எண்ணிவிடலாம். பப்பாளியைப் பற்றிப் பேசுவதைக் கொலம்பியாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கியூபாவில், குறிப்பாக ஹவானாவில், 'பப்பாயா' என்பது பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல். அங்குள்ள சந்தையில் பழம் வாங்கப் போகிறவர் 'புருத்தா போம்பா' என்று கேட்க வேண்டும். குண்டுப் பழம் என்று பொருள். வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்தான், பழம் வெடிக்காது.